ஒரு நாள் காவிரிக்கரை: கும்பகோணமா, திருவையாறா?

தஞ்சாவூருக்கு வந்து பெரிய கோயிலைப் பார்த்தாகிவிட்டது, இன்னும் ஒரு நாள் மிச்சம் இருக்கிறது என்றால் இந்தக் கேள்வி வரும். வடகிழக்கே 40 கிலோமீட்டரில் கும்பகோணம், வடக்கே 13 கிலோமீட்டரில் திருவையாறு. இரண்டுமே காவிரிக்கரை ஊர்கள், தேவாரம் பாடிய ஊர்கள். ஒரே நாள்தான் என்றால் என் ஓட்டு திருவையாறுக்கு. அதற்காகக் கும்பகோணத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இந்தப் பக்கத்தில் எந்தத் திட்டத்தையும் தீர்மானிப்பது நடை சாத்தும் நேரம். பெரும்பாலான கோயில்கள் பகல் 12 மணிவாக்கில் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். கும்பகோணத்தில் கும்பேசுவரர், சாரங்கபாணி, சக்கரபாணி, ராமசாமி, நாகேசுவரன் என்று எல்லாவற்றையும் ஒரே காலையில் முடிக்கப் பார்த்தால் எதுவுமே மனதில் நிற்காது. போவதென்றால் மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதலில் நாகேசுவரன் கோயில். கருவறை வெளிச்சுவரின் மாடங்களில் முற்காலச் சோழர் காலத்து ஆண், பெண் சிலைகள் நிற்கின்றன. அரச குடும்பத்தாரா, வேறு யாருமா என்று அறிஞர்களால் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த முகங்கள் நிஜ மனிதர்களைப் பார்த்துச் செதுக்கியவை என்றே எனக்குத் தோன்றுகிறது. அடுத்து, நாயக்கர் காலத்து ராமசாமி கோயில். தூண் சிற்பங்களை நின்று பார்த்துவிட்டு, ராமாயணத்தை ஓவியமாகத் தீட்டியிருக்கும் பிராகாரத்தையும் சுற்றி வாருங்கள். மூன்றாவது, ஊரை ஒட்டியிருக்கும் தாராசுரம் கோயில். இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. 63 நாயன்மார் கதைகளையும் சாண் அளவுச் சிற்பங்களாக வடித்திருக்கிறார்கள். உட்கார்ந்து, குனிந்து, மெதுவாகப் பார்க்க வேண்டிய கோயில் இது.

கணிதத்தில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு மட்டும் என் தீர்ப்பு மாறும். சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வளர்ந்த சிறிய வீடு இருக்கிறது. அவர் படித்த அரசுக் கல்லூரி, 1854இல் தொடங்கியது, காவிரிக் கரையிலேயே இருக்கிறது. அவர்கள் தயங்காமல் கும்பகோணம் போகலாம்.

ஆனால் ஆற்றைப் பார்க்கப் போகிறோம் என்றால் கும்பகோணம் கொஞ்சம் ஏமாற்றும். வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு என்று இரண்டு ஆறுகள் ஓடியும், ஊரின் முகம் கோயில்களையும் மகாமகக் குளத்தையும் பார்த்துத்தான் இருக்கிறது. ஆற்றைத் தேடி ஏதாவது ஒரு படித்துறைக்குப் போக வேண்டும். 2028 மகாமகத்துக்கு வர நினைப்பவர்கள் அதைத் தனிப் பயணமாகவே வைத்துக்கொள்வது நல்லது. அந்தக் கூட்டத்தில் சுற்றிப் பார்க்க முடியாது.

திருவையாற்றில் ஆறு வழியிலேயே தொடங்கிவிடும். தஞ்சாவூரிலிருந்து போகும்போது வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்தையும் தாண்டித்தான் ஊருக்குள் நுழைகிறோம். காலையில் ஐயாறப்பர் கோயில். அப்பர் கயிலைக் காட்சி கண்டு ‘மாதர்ப் பிறைக்கண்ணியானை’ பாடிய இடம். அதே வளாகத்தில் முதலாம் ராஜராஜனின் தேவி எடுத்த வடகயிலாயமும் ராஜேந்திரனின் தேவி எடுத்த தென்கயிலாயமும் இருக்கின்றன. அரசிகள் கட்டிய கோயில்களை இப்படி அருகருகே பார்க்கக் கிடைப்பது அபூர்வம். பலர் கவனிக்காமல் கடந்து போகிறார்கள்.

அப்புறம் புஷ்ய மண்டபப் படித்துறை, கர்நாடக சங்கீத மேதை தியாகராஜரின் சமாதி. அவர் மறைந்தது 1847இல். கவனிப்பில்லாமல் கிடந்த சமாதிக்குத் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கோயில் எழுப்பியவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மா. தியாகராஜர் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் ஆராதனையில் பெண்கள் பாட இடம் தராத காலம் அது. அவர் பெண்களைத் திரட்டித் தனியே பாட வைத்தார். அவருடைய சமாதியும் அங்கேதான் இருக்கிறது. அதற்கு முன்னாலும் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஊர் கொடுக்கத் தவறிய மரியாதையை நாமாவது கொடுக்கலாம். தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைக் கூட்டாகப் பாடும் அவர் நினைவுத் திதியான புஷ்ய பகுள பஞ்சமியன்று போனால் அது வேறு அனுபவம். அமைதி வேண்டுமென்றால் அந்த நாட்களைத் தவிருங்கள்.

சாப்பாட்டில் கும்பகோணம்தான் ஜெயிக்கிறது. இட்லிக்குத் தொட்டுக்கொள்ள கடப்பா என்ற பாசிப்பருப்பு, உருளைக்கிழங்குக் குழம்பு, அப்புறம் டிகிரி காபி. திருவையாற்றுக்கு அசோகா அல்வா இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டுக்குத் தஞ்சாவூருக்கே திரும்புவது மேல்.

எந்த ஊராக இருந்தாலும் தண்ணீரை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். இருப்பு குறைந்தால் திறப்பு தள்ளிப்போகும். கோடையில் போனால் படித்துறையில் இறங்கி மணலைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட மாதங்களில் நானும் கும்பகோணத்தையே சொல்வேன்.

வண்டி இருந்தால் காலையில் திருவையாறு, மாலையில் தாராசுரம் என்று வைத்துக்கொள்ளலாம். இடையில் உமையாள்புரம், கபிஸ்தலம், சுவாமிமலை வழியாகப் போகும் சாலை இருக்கிறது. சுவாமிமலையில் உலோகச் சிலை வார்க்கும் ஸ்தபதிகளின் பட்டறை ஒன்றில் நேரம் ஒதுக்குங்கள். மெழுகு உருவத்தின் மேல் அவர்கள் பூசுவது காவிரி வண்டல்மண். கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.