ஒரான்யெஹோட்டல், தி ஹேக்: ஒரு பழைய தந்திக்காரனின் பார்வையில்

தந்தி ஆபீசில் 31 வருஷம் இருந்தவன் நான். நெதர்லாந்தில் இருக்கும் மகள் "எங்கப்பா போகலாம்?" என்று கேட்டதும் ஒரான்யெஹோட்டல் என்றுதான் சொன்னேன். பேர்தான் ஹோட்டல். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ஆண்ட காலத்தில் எதிர்ப்பாளர்களை அடைத்த ஸ்கேவனிங்கன் சிறை இது. 25,000 பேருக்கு மேல் உள்ளே இருந்திருக்கிறார்கள். 2019 முதல் அருங்காட்சியகம்.

நான் போனது ஹூப் லௌவர்ஸ் என்பவருக்காக. பிரிட்டனின் எஸ்.ஓ.ஈ. என்ற ரகசியப் படை அனுப்பிய வயர்லெஸ்காரர். 1942 மார்ச் 6 அன்று இதே ஊரில் பிடிபட்டு ஸ்கேவனிங்கனில் அடைபட்டார். ஜெர்மன் உளவு அதிகாரி கிஸ்கெஸ், அவர் கையாலேயே லண்டனுக்குச் செய்தி அடிக்க வைத்தார். லௌவர்ஸ் சம்மதித்ததற்குக் காரணம் இருந்தது. செய்தியில் ஒவ்வொரு பதினாறாவது எழுத்தையும் வேண்டுமென்றே தப்பாக அடிக்க வேண்டும் என்பது ரகசிய ஏற்பாடு. அந்தத் தப்பு இல்லையென்றால் ஆள் மாட்டிக்கொண்டான் என்று லண்டன் புரிந்துகொள்ள வேண்டும். அவரிடமிருந்து ஜெர்மானியர் கைப்பற்றிய செய்தியில் இரண்டு தப்புமே, வாக்கியம் முடிந்தது என்று காட்டும் ‘ஸ்டாப்’ என்ற சொல்லில் விழுந்திருந்தன. ஸ்டாப்பை ஸ்டிப், ஸ்டெப் என்று மாற்றுவதுதான் தன் அடையாளம் என்று சொல்லி கிஸ்கெஸை நம்ப வைத்துவிட்டார். ஆயுசெல்லாம் ‘ஸ்டாப்’ அடித்த கை என்னுடையது. அந்தத் தாழ்வாரத்தில் நின்று இதை நினைத்தபோது விரல் தானாக ஆடியது.

லண்டனோ அந்த உண்மையான தப்பு இல்லாததைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் நேராக ஜெர்மானியர் கையில் போய் இறங்கினார்கள். குறியீட்டுப் பிரிவில் இருந்த லியோ மார்க்ஸுக்கு மட்டும் உறுத்தியது: ஹாலந்து செய்திகளில் குறியீட்டுப் பிழையே வருவதில்லையே, ஏன்? உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவசரத்தில் குறியீடு போடுகிறவனுக்குப் பிழை வராமல் இருக்குமா? எங்கள் ஆபீசில் புதுசாகச் சேர்ந்த பையன்கூட இதைச் சொல்லியிருப்பான்.

1943 ஆகஸ்டில் டோர்லைன், யூபிங்க் என்ற இருவர் ஹாரன் சிறையிலிருந்து தப்பி, ஸ்விட்சர்லாந்து வழியாக லண்டன் சேர்ந்தார்கள். அதற்குள் கிஸ்கெஸ் முந்திக்கொண்டு, அவர்கள் கெஸ்டபோ என்ற ஜெர்மன் ரகசியப் போலீஸ் பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்று அதே வயர்லெஸில் செய்தி அனுப்பியிருந்தார். எதிரி அடித்த தந்தியை நம்பி, உண்மையைச் சொல்ல வந்த சொந்த ஆட்களை உள்ளே போட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. பிடிபட்ட மற்றவர்களில் பெரும்பாலோரை 1944 செப்டம்பரில் மவுட்ஹவுசன் முகாமில் கொன்றுவிட்டார்கள். லௌவர்ஸ் பிழைத்தார்.

601ஆம் எண் அறையை அன்று இருந்தபடியே வைத்திருக்கிறார்கள். மரண தண்டனைக் கைதிகள் இருந்த அறை. மதில் சுவரில் ஒரு சின்னக் கதவு. சுடுவதற்கு மணல்மேட்டுப் பக்கம் கூட்டிப்போன வழி அதுதான். அங்கே மகளும் நானும் பேசிக்கொள்ளவில்லை.

இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். சின்னக் குழந்தைகளைக் கூட்டிப்போக வேண்டாம். லௌவர்ஸ் கதையைப் படித்துவிட்டுப் போங்கள்.