15 நாள், 2 பக்கம்: ஏபிஏஆர் மதிப்பெண்ணை எதிர்த்து மனுக் கொடுத்த அனுபவம்

மிக்ஸிக்கும் பிரியாணிக் கடைக்கும் ஸ்டார் போடுகிறோம். அரசு ஊழியர் தன் அலுவலகத்திடமே நியாயம் கேட்கும் ஏற்பாட்டுக்கு யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. நான் போடுகிறேன்: 5-க்கு மூன்றரை.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க்காக இருக்கிறேன். எது என்று கேட்க வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். செப்டம்பர் முதல் வாரம் ஏபிஏஆர் நகல், அதாவது வருஷா வருஷம் நம் வேலைக்கு மேலதிகாரி மதிப்பெண் போட்டு எழுதும் அறிக்கையின் நகல், கைக்கு வந்தது. (எங்கள் சீனியர்கள் இன்னும் சி.ஆர். என்றுதான் சொல்வார்கள்.) எங்கள் ஆபீசர் போட்ட மதிப்பெண் 5.6. பக்கத்தில் "வேலையில் சுணக்கம்" என்று ஒரு வரி.

பத்துக்கு 5.6 என்றால் பாஸ்தானே என்று வீட்டில் கேட்டார்கள். 6-க்குக் கீழே வந்தால் 'வெரி குட்' கிடையாது, வெறும் 'குட்'. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு எம்ஏசிபி கிடைக்க 'வெரி குட்' வேண்டும். பதவி உயர்வு இல்லாமல் 10, 20, 30 வருஷத்தில் சம்பளமாவது ஒரு படி ஏறும் திட்டம் அது. எனக்கு 20 முடியும் நேரம்.

நகலைக் காட்டுவதே ஒரு காலத்தில் கிடையாது. மோசமாக எழுதியிருந்தால்தான் சொல்வார்கள். தேவ் தத் என்ற எல்லைச் சாலைப் பொறியாளருக்கு ஒரு வருஷம் 'குட்' போட்டு, அதை அவரிடம் சொல்லாமலே பதவி உயர்வைத் தட்டிவிட்டார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போய் 2008-இல் ஜெயித்தார். மறு வருஷம் மே மாதம் பணியாளர் துறை உத்தரவு வந்தது: அறிக்கையை முழுசாகக் காட்ட வேண்டும், ஊழியர் 15 நாளில் ஆட்சேபம் சொல்லலாம், மனு வந்த 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். 15 நாள் சும்மா இருந்தால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

அந்த 15-இல் நாலு நாளைக் கோபத்திலேயே தொலைத்தேன். ஐந்தாம் நாள் எழுதிய ஆறு பக்கத்தை, ரிட்டயர் ஆன எங்கள் பழைய ஹெட் கிளார்க்கிடம் கொண்டு போனேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முழுசாகப் படித்தார். "இதுல அழுகைதான் இருக்கு, ஒரு தேதிகூட இல்லையேம்மா. அந்த ஆபீசர் எப்ப சார்ஜ் எடுத்தார்?" என்றார்.

ஜனவரி 12. அறிக்கை வருஷம் மார்ச் 31-இல் முடிகிறது. விரல் விட்டு எண்ணினோம், 79 நாள். ஒருவர் வேலையை மூன்று மாதமாவது பார்த்திருந்தால்தான் அவருக்கு அறிக்கை எழுத முடியும் என்பது விதி. ஆறு பக்கம் இரண்டானது.

அவர் சார்ஜ் எடுத்த ஆபீஸ் ஆர்டர் நகல் என் ஃபைலிலேயே இருந்தது. ஆனால் பஞ்சிங் மெஷின் சரியாக '12' மேலேயே ஓட்டை போட்டிருந்தது! வேறு செக்‌ஷனில் நல்ல நகல் கிடைக்க இரண்டு நாள். தபால் பிரிவில் "வெச்சிட்டுப் போங்க மேடம்" என்றார்கள். சீலும் டைரி நம்பரும் என் நகலில் விழும்வரை நான் நகரவில்லை. மனுக் கொடுக்கும் யாருக்கும் இதை மட்டும் அழுத்திச் சொல்வேன்.

31-ஆம் நாளும் பதில் இல்லை. பொறுமை போய், பொதுமக்கள் புகார் கொடுக்கும் சிபிகிராம்ஸ் தளத்தில் ஏற்றினேன். பணி தொடர்பான விஷயம், முதலில் துறைக்குள் உள்ள வழிகளை முடித்துவிட்டு வாருங்கள் என்று மூடிவிட்டார்கள். தப்பு என்னுடையதுதான். அந்த நிபந்தனை முதல் பக்கத்திலேயே இருக்கிறது, நான் படிக்காமல் 'சம்மதம்' கட்டத்தில் டிக் அடித்திருந்தேன். ரயில்வேக்காரர்களுக்கு 2016-இலிருந்து 'நிவாரண்' என்று ஊழியர் குறைகளுக்கென்றே தனித் தளம் இருக்கிறது. கொடுத்து வைத்தவர்கள்.

அடுத்தது அரசு ஊழியர்களின் பணி வழக்குகளை விசாரிக்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம், பேச்சு வழக்கில் 'கேட்'. மனுக் கட்டணம் 50 ரூபாய்தான், வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். ஆனால் துறைக்குக் கொடுத்த மனுவுக்குப் பதில் வராவிட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். 30 நாளில் முடிவு என்று உத்தரவு போட்டது ஒரு பக்கம், ஆறு மாதம் பொறு என்று சட்டம் சொல்வது ஒரு பக்கம். அரை ஸ்டார் இங்கே போனது.

47-ஆம் நாள் உத்தரவு வந்தது. அந்த வரி நீக்கம், மதிப்பெண் 6.4. ஏன் மாற்றினார்கள் என்று காரணமும் எழுதியிருந்தார்கள். 'பரிசீலித்து நிராகரிக்கப்பட்டது' ரக ஒற்றை வரிகளையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பெரிய விஷயம். ஜனவரி கமிட்டியில் எம்ஏசிபி பாஸாகிவிட்டது.

மீதி ஒரு ஸ்டாரை ஏன் பிடித்துக்கொண்டேன் என்றால், மனு போகும் வழி அப்படி. யார் மதிப்பெண் போட்டாரோ அவர் மேஜை வழியாகத்தான் மேலே போக வேண்டும், அவரிடமே கருத்தும் கேட்பார்கள். அவர் இன்னும் என் செக்‌ஷனில்தான் இருக்கிறார். சி.எல். கேட்டுப் போனால் தலை நிமிராமல் கையெழுத்துப் போடுகிறார். முன்பெல்லாம் "ஊருக்கா?" என்று கேட்பார்.