ஏர்கன் சத்தத்தைச் சரி செய்யக் கொடுத்த 8,500 ரூபாய்க்குக் கிடைத்தது கூல்டிரிங்ஸ் பாட்டில் துண்டு

நேற்று சாயங்காலம் பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வைத்து என் மகளுடைய ஏர்கன்னை, அதாவது காற்றழுத்தத்தில் சுடுகிற துப்பாக்கியை, பிரித்துப் பார்த்தோம். உள்ளே இருந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. ராத்திரி தூக்கமே இல்லை. சத்தத்தைச் சரி செய்து தருகிறேன் என்று என்னை ஏமாற்றியவனிடம் இன்னொருவர் போய்ப் பணத்தைக் கொடுக்கும் முன்னால் எழுதிவிட வேண்டும் என்றுதான் விடியற்காலையில் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கல்லிடைக்குறிச்சியில் மரவேலை செய்கிறவன். மகள் பதினொன்றாம் வகுப்பு. பள்ளியில் என்.சி.சி.யில் சேர்ந்து சுட ஆரம்பித்தவள், இப்போது பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சிக்குப் போகிறாள். பெரிய போட்டிகளில் சுடுகிற வெளிநாட்டுத் துப்பாக்கி எல்லாம் லட்சக்கணக்கில் போகும். அதனால் குழலை மடக்கி ஸ்பிரிங் ஏற்றுகிற உள்நாட்டுத் துப்பாக்கி ஒன்று வாங்கினேன். குழலின் துளை .177 அங்குலம், குண்டு பாயும் சக்தி இருபது ஜூலுக்குள் அடங்கியது. 2016 ஆயுத விதிகளின்படி அதற்கு லைசென்ஸ் வேண்டாம். அதோடு வந்த கட்டை, அதாவது தோளில் வைத்துப் பிடிக்கிற பகுதி, அவள் கைக்கு நீளம். சரி, நமக்குத் தெரிந்த தொழில்தானே என்று, கொல்லையில் காற்றுக்கு விழுந்த பூவரசை அறுத்து நிழலில் காயப்போட்டு, மரத்தின் நடுவில் உள்ள கெட்டியான வைரப் பகுதியில் கட்டை செய்தேன். கன்னம் பதிகிற இடத்தை அவளை நிற்கவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இழைத்து இழைத்துச் சரி பண்ணினேன். ஒரு மாதம் பிடித்தது.

கத்திரி வெயிலில் சத்தம் ஆரம்பித்தது. கையில் எடுத்து ஆட்டினால் லொடலொட. சுட்டால் ‘டப்’ என்பதோடு நிற்காமல் பின்னாலேயே ‘ங்ஙொய்ங்’ என்று ஒரு இழுவை. ஸ்பிரிங் துப்பாக்கியில் குண்டு குழலை விட்டுப் போவதற்கு முன்பே ஸ்பிரிங்கும் பிஸ்டனும் பாய்ந்து அதிர ஆரம்பித்துவிடும். உள்ளே எதுவும் ஆடினால் குறி சிதறும். முதலில் கட்டையின் திருகுகளைப் பார்த்தேன். வெயிலுக்கு மரம் சுருங்கி எல்லாம் அரைச் சுற்று தளர்ந்திருந்தது. துளைகளுக்குள் பித்தளைக் குழாய் வெட்டிச் சொருகி இறுக்கினேன். இனி மரம் சுருங்கினாலும் திருகைப் பித்தளைதான் தாங்கும். குறி பார்க்கிற பின் சைட்டின் சின்னத் திருகையும் முறுக்கினேன். லொடலொட போய்விட்டது. ‘ங்ஙொய்ங்’ மட்டும் போகவில்லை. அது ஸ்பிரிங்குக்கும் அதன் உள்ளே நிற்கிற கைடு என்ற தண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியால் வருவது. அதைப் பிரிக்க நல்ல கிளாம்ப் வேண்டும். ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கிற ஸ்பிரிங், கை தவறினால் முகத்தில் பாயும். அதனால்தான் வெளியே கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

பழைய பொருள் வாங்கி விற்கிற ஒரு செயலியில் ‘ஏர்கன் ட்யூனிங், சத்தம் நீக்கித் தரப்படும்’ என்று ஒரு விளம்பரம். போன் போட்டேன். எடுத்தவன் முதல் வார்த்தையே “சொல்லுங்க அண்ணாச்சி” என்றான். ஊரைச் சொன்னதும் “நம்ம ஊருக்காரவுகளா? எனக்கு மாமியார் வீடு வீரவநல்லூர்லா!” என்றான். அப்புறம் அவன் கேட்ட கேள்விதான் என்னைக் கவிழ்த்தது. “சுட்ட பொறவு சத்தம் இழுக்குதா, இல்ல ஒரே தட்டா தட்டுதா?” இழுக்கிறது என்றேன். “அப்ப கைடுதான் அண்ணாச்சி. டெல்ரின்ல புதுசா கடைஞ்சு, புது ஸ்பிரிங்கும் போட்டுத் தாரேன். ஒண்ணும் பயப்படாதீய.” டெல்ரின் என்பது ஒரு வகைக் கெட்டிப் பிளாஸ்டிக். நான் பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்ததை அவன் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டான். வேலை தெரிந்தவன், ஊர்க்காரன். இதற்கு மேல் என்ன விசாரிக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. பில் கேட்கவில்லை. கடை எங்கே என்று கேட்கவில்லை. 8,500 ரூபாயையும் அன்றைக்கே ஜிபே பண்ணினேன். இரண்டு கட்டில் செய்து கொடுத்த கூலி அது.

பார்சலில் அனுப்பி இருபத்திரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தது. முதல் நாள் சுட்டபோது உண்மையிலேயே சத்தம் இல்லை. ‘டப்’, அவ்வளவுதான். மகள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு ராத்திரி அவனுக்கு நன்றி சொல்லிக் குரல் செய்தி வேறு அனுப்பினேன். அதை நினைத்தால்தான் இன்னும் கொதிக்கிறது.

எட்டாம் நாள் மறுபடி ‘ங்ஙொய்ங்’. கூடவே புதிதாக ஒன்று. குழலைக் கீழே சாய்த்தால் உள்ளே ஏதோ சரசரவென்று ஓடியது. போன் போட்டால், “பார்சல்ல குலுங்கியிருக்கும் அண்ணாச்சி, நாலு நாள் சுடுங்க, சரியாயிரும்.” நாலு நாள் கழித்து, “பாப்பா குண்டு போடாம வெறுமனே சுட்டிருக்கும், அதான் அடி வாங்கியிருக்கு.” குண்டு இல்லாமல் சுட்டால் பிஸ்டன் போய் மோதும் என்பது பயிற்சிக்குப் போன முதல் நாளே அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது. ஒரு தடவைகூடச் செய்யமாட்டாள். மூன்றாவது தடவை அவன் சொன்னது: “கட்டை நீங்க செஞ்சதுதானே? அதுதான் ஆடுது. வீட்டு வேலைக்கெல்லாம் நான் பொறுப்பு ஏற்க முடியாது.” அண்ணாச்சி என்ற வார்த்தை அன்றைக்கு வரவில்லை.

நேற்று லேத்தில் பிரித்தபோது தெரிந்தது. ஸ்பிரிங் பழையதேதான். கடைசிச் சுற்றில் நான் முன்பே பார்த்து வைத்திருந்த துருப்பொட்டுகூட அப்படியே இருந்தது. பழைய கைடின் மேல் கூல்டிரிங்ஸ் பாட்டிலை வெட்டி ஒரு பட்டையாகச் சுற்றி, அதன் மேல் கெட்டிக் கிரீஸை அப்பி வைத்திருக்கிறான். பட்டை நொறுங்கியிருந்தது. ஒரு துண்டில் பச்சை எழுத்து பாதி அப்படியே தெரிந்தது. கிரீஸ் இருந்தவரை சத்தம் அமுங்கியிருக்கிறது. சுடச்சுட அது ஒதுங்கியதும் பழைய சத்தம் வந்துவிட்டது. சரசரவென்று ஓடியது உடைந்த பிளாஸ்டிக். 8,500 ரூபாய்க்கு.

லேத் அண்ணன் நைலான் ராடில் ஸ்பிரிங்குக்குச் சிக்கெனப் பொருந்துகிற மாதிரி ஒரு கைடு கடைந்து கொடுத்தார். 400 ரூபாய். சத்தம் நின்றுவிட்டது. உள்ளூரிலேயே இப்படி ஒரு கை இருக்கும்போது நான் போனில் மாமியார் ஊரை நம்பியிருக்கிறேன்.

அந்தத் துண்டைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். பார்த்தான். அடுத்த நிமிஷம் அவன் படம் மறைந்துவிட்டது, பிளாக். செயலியின் உதவி எண்ணில் ஒரு பெண், விளம்பரம் போட இடம் கொடுப்பது மட்டும்தான் தங்கள் வேலை என்று மூன்று தடவை ஒரே குரலில் சொன்னார். இன்று காலையில் பார்த்தால் அதே விளம்பரம், வேறு பெயரில், வேறு எண்ணில் ஓடுகிறது. படத்தில் இருப்பது என் பூவரசுக் கட்டை!

யோசித்து விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். முடியவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். மாற்றிய பழைய ஸ்பிரிங்கையும் கைடையும் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள், தரமாட்டேன் என்றால் மாற்றவில்லை என்று அர்த்தம். அனுப்பும் முன் உள்பாகங்களில் அடையாளம் போட வழி இருந்தால் போடுங்கள். சத்தம் என்றால் முதலில் கட்டைத் திருகையும் சைட் திருகையும் நீங்களே முறுக்கிப் பாருங்கள். ‘பவரும் கூட்டித் தாரேன்’ என்று சொல்கிறவனிடம் போகவே போகாதீர்கள், இருபது ஜூல் அளவைத் தாண்டினால் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கிற குற்றம் உங்கள் தலையில் விழும்.

சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் பண்ணிப் புகார் பதிந்துவிட்டேன். நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுக்கப் போகிறேன். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே கொடுக்கலாம். பாட்டில் துண்டை ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, ஜிபே ரசீதோடு பீரோவில் வைத்திருக்கிறேன். மாமியார் வீடு வீரவநல்லூர் என்று சொல்லி உங்களிடமும் ஒருவன் பேசியிருந்தால், அந்த எண்ணையும் பணம் கொடுத்த தேதியையும் எனக்கு அனுப்புங்கள். மனுவில் சேர்க்க வேண்டும்.