க்ரூசேடர் கிங்ஸ் 3-ல ஆள எந்த புத்தக உலகம் நல்லாருக்கும்? வெஸ்டரோஸ், மிடில் எர்த் ரெண்டையும் ஆடிப் பாத்த ரிவ்யூ

க்ரூசேடர் கிங்ஸ் 3-ங்கற மத்தியகால ராஜ்ஜிய கேம் வந்தது 2020 செப்டம்பர்ல. ஒரிஜினல் கேம் நிஜ உலக வரைபடத்துல 867, 1066 மாதிரி ஒரு வருஷத்துல ஆரம்பிச்சு 1453 வரைக்கும் ஓடும், அதுவே செம கேம்தான், ஆனா என்னை மாதிரி ஃபேன்டஸி நாவல் படிச்சே வளந்தவங்களுக்கு பெரிய இழுப்பு ரசிகருங்க ஃப்ரீயா பண்ணி வச்சிருக்கற மாட்ங்க, அதாவது அதே கேமை வேற உலகமா மாத்தற சேர்க்கைங்க. வெஸ்டரோஸுக்கு எ கேம் ஆஃப் த்ரோன்ஸ் மாட் ஒண்ணு, லார்ட் ஆஃப் த ரிங்ஸோட மிடில் எர்த் உலகத்துக்கு ரியல்ம்ஸ் இன் எக்ஸைல் ஒண்ணு. ரெண்டுல எதை முதல்ல போடறதுன்னு கேக்கறவங்களுக்காக எழுதறேன், ரெண்டையும் ராத்திரி பகலா ஆடியாச்சு.

இந்த வகை கேம்ல நாம ஆடறது ஒரு நாட்டை இல்ல, ஒரு குடும்பத்தை. ராஜா செத்தா அவரோட வாரிசா மாறி ஆட்டம் தொடரும். அதனால ராஜா சாகணும், சரியில்லாத நேரத்துல சாகணும், வாரிசு சின்னப் பையனா இருக்கணும், சித்தப்பாவுக்கு அந்த நாற்காலி மேல ஒரு கண்ணு இருக்கணும். இது தானா நடக்கற புத்தக உலகம் எதுவோ அதுதான் இந்த கேமுக்கு பொருந்தும். கதை எவ்ளோ பெருசு, டிராகன் எத்தனைங்கறதெல்லாம் எனக்கு அப்புறம்தான்.

அப்படிப் பாத்தா வெஸ்டரோஸ் இந்த கேமுக்குன்னே எழுதுன மாதிரி இருக்கு. வடக்கோட இளம் தலைவன் ராப் ஸ்டார்க் படையோட தெற்க போகணும்னா ஆத்தைக் கடக்கணும், பாலம் ட்வின்ஸ்ல இருக்கு, அது வால்டர் ஃப்ரே கையில. அவர் கேக்கற விலை கல்யாணம். ராப் ஒத்துக்கறான், அப்புறம் வேற பொண்ணைக் கட்டிக்கறான், அதுக்குப் பழியா ஃப்ரே ஆளுங்க ஒரு கல்யாண விருந்துலயே அவனைக் கொன்னது படிச்ச எல்லாருக்கும் தெரியும். கேம்லயும் கூட்டணிங்கறது பெரும்பாலும் கல்யாணம் வழியாத்தான் வருது, நிச்சயத்தை முறிச்சா அந்த வீட்டுக்கு நம்ம மேல இருக்கற மதிப்பு சரிஞ்சுடும். மாட் பண்ணவங்க புத்தகத்தை கேமுக்காக வளைக்க வேண்டிய வேலை இங்க ரொம்ப கம்மி.

வரைபடமும் அப்படித்தான். வடக்குக்கு மோட் கேலின்னு ஒரு கழுத்து மாதிரி வழி, வேல் பக்கம் சுத்தி மலை, டார்னுக்கு மலையும் பாலைவனமும். நடுவுல இருக்கற ரிவர்லேண்ட்ஸுக்கு மட்டும் எந்த தடுப்பும் கிடையாது, அதனால யார் சண்டை போட்டாலும் அங்கதான் வந்து போடறாங்க. நான் அங்கதான் ஆரம்பிச்சேன், பிளாக்வுட் குடும்பம். பக்கத்துல பிராக்கன், ரெண்டு வீட்டுக்கும் தலைமுறை தலைமுறையா பகை.

நடந்ததைச் சொல்றேன். என் பிரபு ஒரு சண்டையில செத்துட்டார், வாரிசுக்கு 7 வயசு. செத்தவரோட தம்பி ஆள் சேத்துட்டு பட்டத்துக்கு போர் தொடுத்தார், மூணு வருஷம் இழுத்துச்சு, கருவூலம் காலி, கடைசில பக்கத்து வீட்டு கூட்டணி வந்து சேந்ததால அவரைப் பிடிச்சோம். ஜெயில்ல போட்டு வச்சிருந்தேன். பையன் 16 வயசு ஆனப்ப அவன் குணத்துல கருணை வந்திருந்துச்சு. இப்ப சித்தப்பாவைக் கொன்னா பையனுக்கு மன அழுத்தம் எகிறும், சொந்த ரத்தத்தைக் கொன்னவன்னு பட்டமும் ஒட்டிக்கும். விட்டா திரும்ப கலகம் பண்ணுவார். அப்பதான் அந்த மாட்ல இருக்கற மூணாவது பட்டனை அழுத்துனேன், வடக்கு எல்லைச் சுவரைக் காக்கற நைட்ஸ் வாட்ச் படைக்கு அனுப்பறது. அவங்களோட கருப்பு உடையை உடுத்திக்கிட்டா பட்டத்து உரிமை எல்லாம் போச்சு, கல்யாணம் கிடையாது, பிள்ளை கிடையாது, ஆளு மட்டும் உயிரோட இருப்பார். புத்தகத்துல நைட்ஸ் வாட்ச் எதுக்கு இருக்குன்னு அத்தனை பக்கம் படிச்சும் எனக்குப் புரிஞ்சதை விட இந்த ஒரு முடிவுல நல்லா புரிஞ்சுது, தோத்துப்போன இளவரசனைக் கொல்லாம ஒதுக்கி வைக்க ஒரு இடம். ரொம்ப வருஷம் கழிச்சு எதேச்சையா வரைபடத்துல வடக்க போய்ப் பாத்தா அதே சித்தப்பா அங்க லார்ட் கமாண்டரா, அந்தப் படைக்கே தலைவரா உக்காந்திருக்கார். அப்படியே கேமை நிறுத்திட்டு கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பாத்துட்டு இருந்தேன்.

ஒரு சின்ன விஷயம், புதுசா போடறவங்க வருஷத்தைப் பாத்து குழம்பாதீங்க. புத்தகத்துல 283-ன்னா மாட்ல 8283-ன்னு இருக்கும். புத்தகத்து வருஷக் கணக்கு ஏகான்ங்கற ராஜா வெஸ்டரோஸைப் பிடிச்சதுல இருந்து ஆரம்பிக்குது, அதுக்கு முன்னாடியும் ஆயிரக்கணக்கான வருஷ வரலாறு இருக்கறதால 8000-ஐக் கூட்டி வச்சிருக்காங்க.

இன்னொண்ணு, ஒரிஜினல் கேம்ல ஆரம்ப காலத்துல அப்பா செத்தா நிலத்தை மகன்களுக்குள்ள பிரிச்சுடும், அதுலதான் பாதி சண்டையே வரும். வெஸ்டரோஸ்ல மூத்தவனுக்கே மொத்தமும் போகுது, டார்ன்ல மட்டும் மூத்தது பொண்ணா இருந்தாலும் பொண்ணுக்கு. அப்ப ஆட்டம் சுலபமாயிடுமேன்னு நினைச்சேன். ஆகல, ஏன்னா நிலம் இல்லாத ரெண்டாவது மகன் உரிமையோட சும்மா உக்காந்திருக்கான், கல்யாணத்துக்கு வெளிய பொறந்த பிள்ளைங்க இருக்காங்க, வேற வீட்டுல வளர அனுப்புன பையன் அந்த வீட்டுக்காரனா திரும்பி வரான். பிரச்னை வேற கதவு வழியா உள்ள வருது.

இப்ப மிடில் எர்த். ரியல்ம்ஸ் இன் எக்ஸைல் அழகுல ஒரு குறையும் சொல்ல முடியாது, வரைபடத்தைத் திறந்தாலே நெஞ்சு நிறையும், அந்த ஊர்ப் பேரெல்லாம் படிச்சுட்டே ஒரு சாயங்காலம் போயிடும். ஆனா நான் முதல்ல எல்ஃப் பிரபு எல்ரோண்டை எடுத்தேன், அது தப்பு. எல்ஃப்ங்களுக்கு வயசாகி சாவு கிடையாது. எண்பது வருஷம் ஓட்டுனேன், அதே முகம், அதே ஆள், வாரிசுன்னு ஒரு கேள்வியே வரல. டூனடைன்ங்கற மனுஷ இனத்துக்குக் கூட நீண்ட ஆயுசு, புத்தகத்துல அரகார்ன் 210 வயசு வரைக்கும் இருக்கார். இதுபோக அந்தக் கதையோட உச்சம் 3018, 3019 வருஷங்கள். அப்ப வடமேற்குல இருக்கற எரியடார் பெரும்பாலும் ஆளில்லாத காடு, எதிர்ல இருக்கற இருள் அரசன் சௌரானோட படைக்கு ஈடே இல்ல, முடிவு பண்ணப் போறது எந்த படையும் இல்ல, ஒரு மோதிரம். வரி, கூட்டணி, படை வச்சு ஆடற கேம்ல அதை எப்படி அடக்கறது?

மிடில் எர்த்தே வேணும்னா என் ஆசை மூணாம் யுகம் 1432. கோண்டோர்ங்கற மனுஷ நாட்டோட ராஜா வலக்கார் செத்த வருஷம் அது, அவர் இளவரசனா இருந்தப்பவே வடக்கத்தி பொண்ணைக் கட்டிக்கிட்டவர், அதனால அவர் மகன் எல்டகார் பாதி வெளியாள்னு பிரபுக்கள்ல நிறைய பேர் எதுக்கறாங்க, 1437-ல கப்பல் படைத் தலைவன் காஸ்டமிர் பட்டத்தைப் பிடிச்சுக்கறான், பத்து வருஷம் கழிச்சு அம்மா வழி சொந்தக்காரங்களோட படையைக் கூட்டிட்டு எல்டகார் திரும்பி வந்து அவனைக் கொல்றார், காஸ்டமிரோட மகனுங்க தெற்கத்தி துறைமுகம் உம்பாருக்குத் தப்பி ஓடி பல தலைமுறைக்கு கோண்டோருக்கு எதிரியாவே இருக்காங்க. நாவலோட பின்னிணைப்புல கொஞ்ச இடத்துல சொல்லி முடிச்சது இது. கல்யாணம், வாரிசு, கப்பல் படை, நாடுகடத்தல் எல்லாம் இருக்கு, எல்ஃபும் வேணாம் மோதிரமும் வேணாம்.

யாராவது வீல் ஆஃப் டைம்ங்கற ஃபேன்டஸி நாவல் வரிசையோட உலகத்தை முழுசா பண்ணா நான் மத்த ரெண்டையும் ஓரம் கட்டிடுவேன். 14 புத்தகம், 1990-ல இருந்து 2013 வரைக்கும். பேரரசன் ஆர்ட்டர் ஹாக்விங் வாரிசு யாருன்னு தெளிவில்லாம செத்ததும் பேரரசு மொத்தமும் சிதறி நூறு வருஷத்துக்கு மேல போர் நடக்குது, ஆரம்ப வருஷத்துக்கு இதைவிட என்ன வேணும். ஆண்டோர் நாட்டுல பட்டம் பொண்ணுங்களுக்கு மட்டும்தான், அதுவும் சண்டை வந்தா 19 பெரிய வீடுகள்ல 10 வீடு ஆதரவு இருந்தாதான் ராணி. ஒவ்வொரு வீடா போய் பேசி பத்தைச் சேக்கற அந்த வேலை அப்படியே கேம்தான். ஆனா ஒரு பயம், ஒன் பவர்ங்கற மந்திர சக்தி வச்சிருக்கற கொஞ்ச பேர் ஒரு பெரிய படையையே அழிச்சுடுவாங்க, அதைக் கட்டுப்படுத்தலன்னா மத்த கணக்கெல்லாம் வீண்.

மாட் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு, கேம் புது வெர்ஷன் வந்தா மாட் அப்டேட் ஆகற வரைக்கும் பொறுக்கணும், இல்லன்னா ஸ்டீம்ல பழைய வெர்ஷனுக்கு மாத்திக்கலாம். பாதி ஆட்டத்துல இருக்கறவங்க இதை மறக்காதீங்க.

என் மார்க் வெஸ்டரோஸுக்கு 10-க்கு 9, மிடில் எர்த்துக்கு 7, அதுவும் மனுஷங்களா ஆடறவங்களுக்கு. வெஸ்டரோஸ் எடுக்கறவங்க பெரிய வீட்டைத் தொடாதீங்க, ரிவர்லேண்ட்ஸ்ல ஒரு சின்னப் பிரபுவா ஆரம்பிங்க. நான் அடுத்து அதே வருஷத்துல பிராக்கன் பக்கம் இருந்து ஆடப் போறேன்.