லாகினில் பாஸ், ரெப்ளிகேஷனில் அரியர்

எங்கள் டேட்டா சென்டரில் உள்ள ஸ்டோரேஜ் பெட்டிகளை எல்லாம் ஒரே திரையில் பார்க்க ஒரு மேலாண்மை மென்பொருள் ஓடுகிறது. அதன் புதிய பதிப்பில் ஐபிவி6 (பழைய ஐபிவி4-க்கு அடுத்து வந்த இணைய முகவரி முறை) ஆதரவு முழுமையாக வந்துவிட்டது என்று விவரத்தாளில் போட்டிருந்தார்கள். நிர்வாக நெட்வொர்க்கை ஐபிவி6-க்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்ததால், எல்லா மூலையையும் நோண்டிப் பார்த்துவிட்டேன்.

நிறுவுவதில் தொல்லையே இல்லை. ஐபிவி4 இல்லாமல் ஐபிவி6 மட்டும் கொடுத்தாலும் முரண்டு பிடிக்காமல் எழுந்துவிடுகிறது. என்எஃப்எஸ் எக்ஸ்போர்ட்டில், அதாவது நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் இடத்தில், தனி முகவரிக்குப் பதில் /64 என்று முழு சப்நெட்டையும் (முதல் 64 பிட் ஒன்றாக உள்ள முகவரிகள் எல்லாவற்றையும்) அனுமதிக்கலாம். இது பெரிய உதவி. பிரைவசி எக்ஸ்டென்ஷன் இயங்கும் கணினிகள் வெளியே பேசும் முகவரியை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்கும். தனி முகவரியை நம்பி அனுமதி கொடுத்தால், இன்று வேலை செய்த மவுண்ட் (கோப்புப் பகிர்வு இணைப்பு) நாளை அனுமதி இல்லை என்று நிற்கும்.

கடுப்பேற்றியது வேறு இடம். ஐபிவி6 முகவரி 128 பிட். எதையும் சுருக்காமல் எழுதினால் 39 எழுத்து. பூஜ்ஜியங்களை விட்டுவிட்டு இரட்டைக் கோலன் போட்டும் எழுதலாம் என்பதால், ஒரே முகவரிக்குப் பல தோற்றம் உண்டு. அதில் எதை நிலையான வடிவமாகக் கொள்வது என்று 2010-லேயே ஆர்எஃப்சி 5952 என்ற இணையத் தரநிலை ஆவணம் சொல்லிவிட்டது. இந்த மென்பொருளோ நாம் தட்டியதை அப்படியே டேட்டாபேஸில் போட்டுக்கொள்கிறது. நான் சுருக்கிச் சேர்த்த ஒரு ஸ்டோரேஜை, கூட வேலை பார்ப்பவர் பூஜ்ஜியங்களோடு முழுதாகத் தட்டி மறுபடி சேர்த்தார். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. பட்டியலில் ஒரே பெட்டி இரண்டு வரியாக நின்றது. கொள்ளளவு அறிக்கையில் அதன் இடம் இரண்டு மடங்கானது. "புது ஸ்டோரேஜ் எப்போ வாங்கினோம்?" என்று மேலாளர் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சீரியல் நம்பரை ஒப்பிட்டிருந்தாலே போதும், அதைக்கூடச் செய்யவில்லை.

அப்புறம் அடைப்புக்குறி. ஐபிவி6 முகவரியோடு போர்ட் எண்ணைச் சேர்க்கும்போது முகவரியைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். இல்லையென்றால் முகவரி எங்கே முடிகிறது, போர்ட் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. ஐஎஸ்சிஎஸ்ஐ (நெட்வொர்க் வழியாக டிஸ்க்கை அணுகும் முறை) போர்ட்டலுக்கு அதன் போர்ட் எண் 3260-ஐச் சேர்க்கும் திரையில் இதைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். எச்சரிக்கை மெயிலில் வரும் சுட்டியில் மறந்துவிட்டார்கள். நடுராத்திரி டிஸ்க் போய்விட்டது என்று மெயில் வரும். சுட்டியைத் தட்டினால் முகவரி செல்லாது என்று பிரவுசர் கையை விரிக்கும். டிஎன்எஸ்-இல் ஏஏஏஏ பதிவு (பெயரை ஐபிவி6 முகவரியோடு இணைப்பது) போட்டு, அமைப்பில் எண்ணுக்குப் பதில் பெயரைக் கொடுத்தால் சரியாகிவிடுகிறது. இந்த மென்பொருளில் எங்கே கேட்டாலும் பெயரைக் கொடுப்பதே நிம்மதி.

புதுப் பெட்டியை லிங்க் லோக்கல் முகவரியில் (ஒரே நெட்வொர்க் இணைப்புக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி) பிடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். எந்த இன்டர்ஃபேஸ் என்று சொல்ல சதவீதக் குறியைப் போட்டாலே கட்டம் சிவந்துவிடுகிறது.

நிர்வாகத் திரைக்கும் என்எஃப்எஸ்ஸுக்கும் ஐபிவி6 போதும் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஐபிவி4-ஐ அடியோடு அணைக்கப் போகிறவர்கள் பொறுத்திருப்பது நல்லது, ஏனென்றால் ரெப்ளிகேஷன் (ஒரு ஸ்டோரேஜின் தரவை இன்னொன்றில் நகலெடுத்து வைப்பது) இன்னும் தேறவில்லை. ஒரு முனையில் ஐபிவி4, மறுமுனையில் ஐபிவி6 என்று ஜோடி சேர்த்தால் விசார்ட் வாயைத் திறக்காமல் கடைசித் திரைவரை கூட்டிக்கொண்டு போகிறது. இரண்டும் நேரடியாகப் பேசிக்கொள்ள முடியாது என்பதை முதல் திரையிலேயே சொல்லியிருக்கலாம். இறுதியில் டைம் அவுட் என்று மட்டும் வருகிறது. நாம் பாவம் ஃபயர்வாலைச் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சப்போர்ட்டில் கேட்டால் அடுத்த பதிப்பில் எச்சரிக்கை வரும் என்கிறார்கள். வரட்டும். அதுவரை எங்கள் ரெப்ளிகேஷன் இரு முனையிலும் ஐபிவி4-இலேயே ஓடும்.