லே-அவுட் பூங்கா: பட்டா யாருக்கு, பராமரிப்பு யாருக்கு?

எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று விட்ட இடத்தில் பத்து வருடமாக இருந்தது ஒரு தகரப் பலகையும் சீமைக்கருவேலமும்தான். பலகையில் 'பூ' மட்டும் மிச்சம். மற்ற எழுத்துகளைத் துரு தின்றுவிட்டது. அதை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு எங்கள் சங்கக் கூட்டத்தில் இன்னும் ஓயவில்லை.

முதலில் விதி. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தே ஆகவேண்டும். இதுதான் ஓ.எஸ்.ஆர். நிலம், அதாவது திறந்தவெளிக்கென ஒதுக்கிய இடம். 3,000 முதல் 10,000 வரை என்றால், இடம் விட வழியில்லாதபோது அதன் மதிப்பைப் பணமாகக் கட்டலாம். சாலை போக 4 ஏக்கர் நின்றால் 40 சென்ட், அதாவது ஏழு கிரவுண்டுக்கு மேல். இலவசமாக வாங்குவது சரியா என்று வழக்கு போனது; செல்லும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, கொடுத்தாயிற்று. அப்புறம்?

இடமும் உள்ளாட்சிக்கு, பராமரிப்பும் உள்ளாட்சிக்கு என்பது ஒரு வழி. இதில் பூங்கா எல்லோருக்கும் பொது. பக்கத்துத் தெருப் பிள்ளையை யாரும் விரட்ட முடியாது. ஆனால் சாலை, குப்பை, குடிநீர் எல்லாம் போகத்தான் பூங்காவுக்குக் காசு. காலியாகக் கிடக்கும் இடத்துக்கு வேலி வராது, முதலில் ஒரு பிள்ளையார் வருவார். அதைவிட மோசம் பட்டா. தானப்பத்திரம் பதிவானதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். பட்டாவோ மனை போட்டவர் பெயரிலேயே நிற்கும். பதினைந்து வருடம் கழித்து வாரிசு வந்து கம்பி வேலி போடும்போதுதான் விழித்துக்கொள்கிறோம்.

கேட்டட் கம்யூனிட்டி பாணி இரண்டாவது. ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி பொது இடங்கள் சங்கத்தின் பெயருக்கு வரவேண்டும். மாதச் சந்தா, தோட்டக்காரர், பச்சைப் புல், பார்க்க அழகுதான். சந்தா கட்டாத நாலு வீடு எல்லா இடத்திலும் உண்டு, அதை விடுங்கள். என் உறுத்தல் வேறு: தானம் கொடுத்த ஓ.எஸ்.ஆர். நிலத்தையும் 'நம்ம பார்க்' என்று விளம்பரத்தில் போட்டு, வாசலில் செக்யூரிட்டியை நிறுத்திவிடுகிறார்கள். அது ஊர் சொத்து.

எனக்குப் பிடித்தது மூன்றாவது. உரிமை உள்ளாட்சிக்கு, பராமரிப்பு ஒப்பந்தம் போட்டுக் குடியிருப்போர் சங்கத்துக்கு. சென்னையில் பல பூங்காக்கள் தத்தெடுப்பு முறையில் இப்படித்தான் நடக்கின்றன. விற்கும் அதிகாரம் நம்மிடம் இல்லாததே இதன் பலம். சங்கத் தலைவர் மாறினாலும் இடம் மாறாது. சிக்கல் சின்னச் சின்னது. எங்களுக்கு மோட்டார் கரண்ட் பில்லில் வந்தது. இணைப்பு யார் பெயரில் என்பதற்கே ஏழு மாதம். அதுவரை எதிர் வீட்டு மாமி தன் குழாயிலிருந்து ஓஸ் இழுத்து வேப்பங்கன்றுகளைக் காப்பாற்றினார்.

மனை வாங்கப் போகிறவர்கள் தங்கள் மனையின் பட்டாவோடு பூங்கா இடத்தின் புல எண்ணையும் அரசின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். காசு கிடையாது. எங்களுடையதில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. மூன்றாவது மனு கொடுத்திருக்கிறோம்.