கடும்நீலச் சுவருக்கு மட்டா, ஷீனா?

தொடர்மாடி வீட்டுக் கூடத்துக்குக் கடும்நீலமோ கரும்பச்சையோ என்று முடிவெடுத்தாயிற்று. மிச்சம் இருப்பது மினுக்கம்: மினுங்காத மட் எமல்ஷனா, இலேசாக மினுங்கும் ஷீன் எமல்ஷனா? (எமல்ஷன் என்பது தண்ணீரில் கலக்கும் சுவர்ப் பெயின்ற்.) யாழ்ப்பாணத்துச் சுவர் என்றால் நான் மட் பக்கம்.

ஷீனைத் துடைக்கலாம். குசினிக்கும், சின்னப் பிள்ளைகள் கை வைக்கிற இடங்களுக்கும் அதுதான் சரி. ஆனால் மேசன் விட்ட பிழை எல்லாவற்றையும் அது காட்டிக்கொடுத்துவிடும். யன்னலை ஒட்டிய சுவரில் பின்னேர வெயில் சாய்ந்து விழும்போது பாருங்கள், வெள்ளையில் கண்ணுக்குப் படாத மேடுபள்ளம் கடும்நீல ஷீனில் அலை அலையாகத் தெரியும். அதை மறைக்கச் சுவர் முழுக்க பில்லர் (பள்ளம் நிரப்பும் பசை) இழுத்துத் தேய்க்கவேணும்.

அறை இருண்டு போகுமே என்ற கவலை இரண்டுக்கும் பொது. நடுவில் ஒரு ரியூப் லைற்றை நம்பாமல், 2700–3000 கெல்வின் மஞ்சள் பல்புகளை மூன்று நாலு இடத்தில் வைத்தால் போதும்.

என்னை மட் பக்கம் தள்ளுவது உப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் யன்னல் விளிம்பாலும் மொட்டைமாடியாலும் இறங்கும் ஈரம், பூச்சுக்குள் இருக்கும் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவரும். உப்புக் கழுவாத மணலில் பூசிய சுவர் என்றால் சொல்லவே வேண்டாம். ஷீனின் படலம் இறுக்கமானது. உப்பு அதற்குப் பின்னால் படிந்து, கொப்புளமாகத் தள்ளி உரித்துவிடும். மட் ஓரளவு மூச்சுவிடும், அதனால் உப்பு பெரும்பாலும் வெள்ளைப் பொடியாக வெளியே பூக்கும். காய்ந்த மெல்லிய தூரிகையால் தட்டி எடுக்கலாம். தண்ணீர் போட்டால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். ஒழுக்கே தொடர்ந்தால் மட் பெயின்றும் உரியும்தான், முதலில் ஒழுக்கை அடைக்கவேணும்.

அதற்குப் பிறகு ஒட்டுப்போடுவது. மட்டில் அந்த இடத்துக்கு மட்டும் பிரைமர் (அடிப்பூச்சு) வைத்து, அதே பெயின்றைச் சின்ன றோலரால் ஓரம் மங்கலாகப் போக உருட்டினால் அநேகமாகத் தெரியாது. பிரஷால் தொட்டால் தெரியும். ஷீனில் ஒட்டு தனியாக மினுங்கும். மூலையிலிருந்து மூலை வரை முழுச்சுவரையும் திரும்ப அடிக்கவேணும்.

மட்டின் பலவீனமும் இருக்கு. கதிரை முதுகு உரசினால் அந்த இடம் பளபளக்கும், நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழும். கதிரையை மூன்று அங்குலம் தள்ளிப் போடுங்கள். கிணற்றுத் தண்ணீரால் துடைக்கவே கூடாது. எங்கள் சுண்ணாம்புக்கல் தண்ணீர் காய்ந்தால் நீலத்தில் வெள்ளை வளையம் நிற்கும். மழைத்தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித்துணி போதும். "கழுவலாம்" என்று எழுதி விற்கும் மட் பெயின்றையும் அழுத்தித் தேய்க்கச் சொல்லமாட்டேன்.

கடும்நிறங்களுக்கான மூலப் பெயின்றில் வெள்ளை நிறமி குறைவு, அதனால் மூடும் திறனும் குறைவு. பிரைமரைச் சாம்பல் நிறத்தில் கலந்து வாங்கினால் இரண்டு பூச்சோடு சமாளிக்கலாம், இல்லாவிட்டால் மூன்று. 12 அடிக்கு 10 அடிச் சுவருக்கு 4 லீற்றர் வாங்குங்கள். இரண்டு ரின் என்றால் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்குங்கள், கடையில் கலந்த நிறம் ரின்னுக்கு ரின் கொஞ்சம் மாறும். அடிக்கும்போது மின்விசிறியை நிறுத்தி, காலையிலேயே தொடங்கி, ஒரு சுவரை இடையில் விடாமல் முடியுங்கள். எங்கள் வெக்கையில் ஓரம் காய்ந்து பட்டை விழும். மிச்சத்தில் அரை லீற்றரை இறுக்கமூடி, நிறக் குறியீட்டை மூடியில் எழுதி வையுங்கள். அடுத்த மாரிக்குத் தேவைப்படும்.